கைராசி இல்லாத டாக்டரம்மா

உக்காருத்தா. எம்புட்டு நேரம்தான் அந்தக் கதவைப் பிடிச்சுக்கிட்டு நிப்ப? வார்டைக் கழுவி முடிக்கிற வரைக்கும் அந்த வாட்ச்மேன் ஒரு ஈயைக்கூட உள்ள விடமாட்டான். நானும் ஆஸ்பத்திரியில வார்டு கூட்டினவதான், எனக்குத் தெரியாதா? ஃபினாயில் ஊத்தணும், தரை காயணும், அப்புறந்தான் ஆளை விடுவாங்க. இந்தா, பாயில பாதி உனக்கு. காலை நீட்டிக்க. நாகஜோதின்னுதானே பேரு சொன்ன? நல்ல பேரு.

அழாத. உன் வீட்டுக்காரருக்கு ஒண்ணும் ஆகாது. லோடு ஆட்டோ கவுந்து ஸ்டியரிங் வயித்துல குத்துனா எப்பேர்ப்பட்டவனும் இப்படித்தான் கிடப்பான். கண்ணு முழிச்சிட்டாருல்ல? பேசுறாருல்ல? காலையில உன்னைப் பார்த்து "சாப்ட்டியா"ன்னு கேட்டாருன்னு நீதானே சொன்ன. ஆபரேஷன் ஆனதுலேருந்து வாயில பச்சைத் தண்ணி படாமக் கிடக்குற மனுசன், பொண்டாட்டியைப் பார்த்து சாப்ட்டியான்னு கேக்குறாரு. இப்படி ஒரு ஆம்பளை எங்கத்தா கிடைப்பான்? எனக்கு வாய்ச்சவனுக்கு நான் சோறு திங்கிறவங்கிறதே ஞாபகம் இருக்காது.

என்னது? மூக்குல விட்டிருக்கிற குழாயில இத்தனை நாளும் பச்சையா வந்துச்சு, இப்ப வெள்ளையா வருதா? பையை நல்லாப் பார்த்தியா? அட, பச்சை போயி வெள்ளை வந்தா நல்லதுதான்த்தா. பித்தம் குறையுதுன்னு அர்த்தம். வயித்தைப் பிடிச்சுக்கிட்டு முனகுறாருன்னா முனகத்தான் செய்வாரு. அறுத்த வயிறு வலிக்காம, சிரிக்கவா செய்யும்? கதவைத் திறந்ததும் நர்ஸுகிட்டச் சொல்லிக்கலாம். பதறாத.

எனக்கு உன் வீட்டுக்காரரைப் பத்திக் கவலையில்ல. அறுத்த கையைப் பத்தித்தான் கவலை. சொல்லக் கூடாது, சொல்லாமலும் இருக்க முடியல. ஹெப்சிபா டாக்டரம்மாதானே பண்ணாங்க? எல்லாரும் கையெடுத்துக் கும்பிடுறீங்க. நல்ல மனுசிதான், நான் இல்லைன்னு சொல்லல. ஆனா கைராசி கிடையாது. சும்மா சொல்லலத்தா, பக்கத்துல நின்னு பார்த்தவ சொல்றேன். என் மக இந்தா எதுத்தாப்புல பொம்பளைங்க வார்டுல கிடக்கா, குடல்வாலு. அவளுக்கு வேற டாக்டர். நல்ல வேளைன்னு நினைச்சுக்கிட்டேன்.

கேளு. அது ஆச்சு ரொம்ப வருசம். அப்ப நான் மெடிக்கல் காலேஜுல வேலை பார்த்தேன். இங்க இல்ல, பெரிய ஊர்ல. பிணவறையைத் தாண்டிப் போனா ஒரு தகர ஷெட்டு. போர்டுல அனிமல் ஹவுஸ்னு எழுதியிருக்கும், நாங்க நாய் ஷெட்டுன்னுதான் சொல்லுவோம். முனிசிபாலிட்டிக்காரன் வண்டியில பிடிச்சிட்டு வந்து இறக்குவான். கழுவுறது, கூட்டுறது, சோறு வைக்கிறது எல்லாம் நான்தான். என்ன முகத்தைச் சுளிக்கிற? நாய்ன்னா கேவலமா? மனுசனைவிட மேலு. சோத்துத் தட்டைத் தூக்கிட்டு வந்தா, எம்புட்டு நோவுலேயும் வாலை ஆட்டும்.

அங்கதான் இந்த ஹெப்சிபாம்மா வந்தாங்க. அப்ப சின்னப் புள்ள. உன் வயசுதான் இருக்கும். ஒல்லியா, சத்தமா பேசத் தெரியாது. படிச்சு முடிச்ச கையோட ஏதோ பரிசோதனை பண்ணப் போறேன்னு வந்தாங்க. என்னத்துக்கு டாக்டரம்மா இந்த வாயில்லாச் சீவனை அறுக்குறீங்கன்னு கேட்டேன். வேற யாரா இருந்தாலும் உன் வேலையைப் பாருன்னுருப்பாங்க. அந்தம்மா உக்கார வச்சுச் சொன்னாங்க.

"ஒச்சம்மா, இரைப்பை முடிஞ்சு குடல் ஆரம்பிக்கிற இடம் இருக்கே, அது பொல்லாத இடம். பித்தநீர், கணையநீர் எல்லாம் அங்கதான் வந்து விழுது. கறியையே கரைக்கிற நீர் அது. அந்த இடத்துல பெருசா கிழிஞ்சா, நம்ம போடுற தையலையும் அரிச்சுத் தின்னுடும். போன மாசம் ஒரு பஸ் டிரைவர், ஸ்டியரிங் குத்தி வந்தாரு. நான்தான் தைச்சேன். தையல் நிக்கல. அவர் பொண்டாட்டி என் காலைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல. எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது."

சொல்லும்போதே கண்ணு நிறைஞ்சுபோச்சு அந்தம்மாவுக்கு. பொய்யழுகை இல்ல, நெசமா.

அதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சு வச்சிருந்தாங்க. கிழிசலை வெறுமனே தைக்காம, பக்கத்துல இருக்கிற நல்ல குடலை இழுத்து அதுக்கு மேல வச்சு ஒட்டுப் போடுறது. நம்ம கிழிஞ்ச பாவாடைக்கு ஒட்டுப் போடுறோமே, அப்படித்தான். நாய்க்குப் பண்ணிப் பார்த்து அது நின்னுச்சுன்னா, அப்புறம் மனுசங்களுக்குப் பண்ணலாம்னாங்க. மயக்க ஊசி போட்டுத்தான் அறுப்பாங்க. கன்னாபின்னான்னு இல்ல. வலிக்கு மருந்து, ராவும் பகலும் ட்ரிப்ஸ், எல்லாம் மனுசனுக்கு மாதிரி.

ஆனா ஒரு சட்டம் போட்டாங்க பாரு, அங்கதான் எனக்கு ஆகல. "ஒட்டுப் பிடிக்கிற வரைக்கும் வாயில எதுவும் படக்கூடாது ஒச்சம்மா. பாலு கூடாது, தண்ணியும் கூடாது. சாப்பாடு உள்ள போனா அந்த நீர் ஊத்து மாதிரி சுரக்கும். ஒட்டைப் பேத்துடும். வேணுங்கிறது எல்லாம் ட்ரிப்ஸுல போகுது." இப்படிச் சொன்னா?

ட்ரிப்ஸுல போனா வயித்துக்குத் தெரியுமாத்தா? நீயே சொல்லு. ரத்தத்துல போற தண்ணி ரத்தத்துக்கு. வயித்துக்கு யாரு போடுவா? அறுத்த உடம்பு பச்சை உடம்பு. அதுக்குச் சத்து வேணாமா? ஒரு வாய் விழுந்தாத்தானே சதை கூடும்? படிச்சவங்க எல்லாத்தையும் படிச்சாங்க, பசியை மட்டும் படிக்கல.

எனக்குப் பசியைத் தெரியும். என் மூத்த மகளைப் பெத்துக் கிடந்தப்ப, என் மாமியா பத்தியம் பத்தியம்னு என் வயித்தைக் காயப்போட்டுட்டா. வெறும் மிளகுத்தண்ணி. பால் வத்திப் போயி புள்ள கத்துது, நான் எழுந்திரிக்க முடியாமக் கிடக்கேன். பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி, சவரியம்மான்னு பேரு, மாமியா வெளிய போற நேரம் பார்த்து கொல்லைப்பக்கமா வந்து கஞ்சி ஊத்துவா. அவ கஞ்சியாலதான்த்தா நானும் என் மகளும் இன்னைக்கு இருக்கோம். சாகுற வரைக்கும் அவ அதை ஒரு வார்த்தை வெளிய சொன்னதில்ல. எங்க பக்கம் அப்படித்தான். பசிச்ச வாய்க்குக் குடுத்ததைச் சொல்லிக் காட்டக் கூடாது. சொன்னா அந்தப் புண்ணியம் அன்னைக்கே போச்சு. உன்கிட்டச் சொல்றேன்னா, நீ என் மக மாதிரி, அதனால.

முதல் நாய் வெள்ளையன். ஒரு காது கிழிஞ்சிருக்கும். ஆபரேஷன் முடிஞ்சு மறுநாள் சாயங்காலம் டாக்டரம்மா வீட்டுக்குப் போனாங்க. நான் கூண்டைக் கழுவப் போறேன், நிமிந்து என்னைப் பார்க்குது. ஐயோ, அந்தப் பார்வை! ஓடிப்போயி கொஞ்சம் பால் கொண்டாந்து ஊத்துனேன். நக்கி நக்கிக் குடிச்சுச்சு. மறுநாளும் குடுத்தேன். அதுக்கு மறுநாள் வயிறு கல்லா வீங்கி, காய்ச்சல் வந்து, போயே போச்சு.

டாக்டரம்மா திறந்து பார்த்தாங்க. "ஒட்டு விட்டுப்போச்சு ஒச்சம்மா"ன்னு சொல்லிட்டு கவுத்து வச்சிருந்த வாளி மேல உக்காந்தாங்க. எனக்கும் அழுகை வந்துருச்சு. போற உசுரு ஒரு வாய் பால் குடிச்சிட்டுப் போச்சேன்னு ஒரு சின்ன நிம்மதி. அவ்வளவுதான்.

அப்புறம் ஒண்ணு. அப்புறம் இன்னொண்ணு. எல்லாத்துக்கும் நான் ஒரே மாதிரிதான் பார்த்தேன், ஓரவஞ்சனை கிடையாது. பால் சேரலையோன்னு கஞ்சித்தண்ணியா மாத்துனேன். அப்புறம் கறிக்கடையில ஈரல் துண்டு கேட்டு வாங்கியாந்து, வேக வச்சு அந்தத் தண்ணியை ஊத்துனேன். என் கைக்காசு! ஒண்ணும் நிக்கல. அந்தம்மாவும் நூலை மாத்துனாங்க, ஊசியை மாத்துனாங்க, தையலை ரெண்டு வரிசையாப் போட்டாங்க. எதுக்கும் மசியல.

ஒரே ஒரு செவலை பொழைச்சுச்சு. அதுக்குத் திமிருன்னா திமிரு, அம்புட்டுத் திமிரு! பால் கொண்டு போனேன், உர்ருன்னுச்சு. ஈரல் தண்ணி கொண்டு போனேன், கையைக் கவ்வ வந்துச்சு. இந்தா பாரு, இந்தப் பெருவிரல் தழும்பு அதுதான். போடா நாயேன்னு விட்டுட்டேன். அது ஒரு சொட்டு என் கையில வாங்கல. கடைசியில பார்த்தா அதுதான் எந்திரிச்சு நடக்குது! உலகத்துல திமிர் பிடிச்சதுகதான்த்தா பொழைக்கும். பாசமா வாலாட்டுனதெல்லாம் போச்சு.

இன்னொரு தடவை நான் ஊருக்குப் போயிருந்தேன். எங்க காளியாத்தாவுக்குப் பொங்கல், போகாம இருக்க முடியாது. நான் இல்லாத நேரத்துல ரெண்டு நாய்க்கு ஆபரேஷன் பண்ணியிருக்காங்க. திரும்பி வந்து பார்த்தா, ரெண்டும் ஷெட்டுக்குள்ள ஓடி விளையாடுது! டாக்டரம்மா என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு, "ஒச்சம்மா, நின்னுடுச்சு! ஒட்டு நின்னுடுச்சு!"ன்னு குதிக்கிறாங்க. அன்னைக்கு மாதிரி அந்தம்மா முகத்தை நான் பார்த்ததே இல்ல. நான் அங்க ஆத்தா முன்னாடி இதுகளுக்கும் சேர்த்துத்தான் ஒரு கும்பிடு போட்டிருந்தேன். அது பலிச்சிருச்சு. ஆனா எத்தனை நாளைக்கு ஆத்தா தாங்குவா? அடுத்து பண்ணதுக எல்லாம் பழையபடி போச்சு.

அப்பத்தான் டாக்டரம்மா ஷெட்டுல இருக்கிற எல்லாரையும் நிக்க வச்சுக் கேட்டாங்க. "யாராவது எதாவது வாயில குடுத்தீங்களா? திட்ட மாட்டேன், உண்மையைச் சொல்லுங்க. எனக்குத் தெரிஞ்சாகணும்." நான்தான் முதல்ல பேசுனேன். தண்ணிகூடக் காட்டல டாக்டரம்மான்னேன். ஏன் இப்படிப் பார்க்குற? புண்ணியத்தைக் கூவி விக்கச் சொல்றியா? சவரியம்மா சொன்னாளா? அவளை என் மாமியா சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணச் சொன்னா, அவ பண்ணிட்டுப் போனா!

அந்தம்மா என்னை நம்புனாங்க. நம்பத்தானே செய்யணும். அப்புறம் தன் கையை இப்படி விரிச்சுப் பார்த்துக்கிட்டே, "அப்ப என் கையிலதான் என்னமோ கோளாறு"ன்னாங்க. எனக்கு மனசு கேக்கல. உள்ளதைச் சொல்றதுதான் நல்லதுன்னு, "ஆமா டாக்டரம்மா, கைராசின்னு ஒண்ணு இருக்கு, எல்லாருக்கும் அது அமையாது"ன்னு சொன்னேன். அந்தம்மா தலையை மட்டும் ஆட்டுனாங்க.

நான் ரெண்டு மூணு பேருகிட்டத்தான் சொன்னேன், அதுவும் நல்லதுக்கு. அது வார்டு, தியேட்டர்னு பரவிப்போச்சு. அவங்க கையால ஆபரேஷன் வேணாம்னு நோயாளிங்க சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. பெரிய டாக்டரு எல்லாரு முன்னாடியும் "நாயையே பொழைக்க வைக்கத் தெரியல, நீ எங்க மனுசனை"ன்னு கேட்டாராம். பரிசோதனையை நிறுத்தியாச்சு. அந்தம்மா பொட்டியைக் கட்டிட்டு வேற ஊருக்குப் போயிட்டாங்க. போனவங்க சும்மா போகல. நாய் ஷெட்டையும் மூடிட்டாங்க. என்னைத் தூக்கி வார்டு கூட்டப் போட்டாங்க. அத்தனை வருசமும் எவன் எவன் வாந்தியையோ வாரிக் கொட்டுனேன். அவங்க கைராசி இல்லாமப் போனதுக்கு நான் என்னத்தா பாவம் பண்ணேன்? இன்னைக்கு நினைச்சாலும் வயிறு எரியுது.

நிதானமா இருத்தா. கதவு திறக்கல இன்னும். பாதி வார்டுதான் கழுவியிருக்கான். என்ன, உனக்கு இப்படி வேர்க்குது?

இன்னைக்குக் காலையில டாக்டரம்மா ரவுண்ட்ஸு வந்தாங்கல்ல, என்னை இந்த நடையில பார்த்துட்டாங்க. தலையெல்லாம் நரைச்சுப் போச்சு, ஆனா சிரிப்பு அதேதான். "ஒச்சம்மாவா? நல்லா இருக்கியா?"ன்னு தோளைத் தொட்டுக் கேட்டாங்க. எவளை எவ ஞாபகம் வச்சிருப்பா இந்தக் காலத்துல! சந்தோசமாத்தான் இருந்துச்சு. அப்புறம் சொன்னாங்க, "அந்த ஒட்டு நான் போன இடத்துல நின்னுச்சு ஒச்சம்மா. நாய்க்கும் நின்னுச்சு, மனுசங்களுக்கும் நின்னுச்சு. எத்தனையோ பேர் எந்திரிச்சு நடந்து போயிட்டாங்க. அங்க மட்டும் ஏன் நிக்கலைன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியல." அந்த ஊர்த் தண்ணி அப்படி டாக்டரம்மான்னு சமாளிச்சேன். வேற என்ன சொல்லச் சொல்ற?

போறதுக்கு முன்னாடி உன்னைக் காட்டிச் சொன்னாங்க. "அந்தப் பொண்ணு ஒத்தையில கிடந்து அல்லாடுது. அவ புருசனுக்கும் அதே ஒட்டுத்தான் போட்டிருக்கேன். நல்லா வந்துக்கிட்டிருக்கு, இன்னும் ரெண்டு நாள் தாண்டிட்டா போதும். அவ கடை கண்ணிக்குப் போனா நீ கொஞ்சம் பார்த்துக்க. வாயில மட்டும் ஒண்ணும் படக்கூடாது. உனக்கு நான் சொல்லணுமா, உனக்குத்தான் எல்லாம் தெரியுமே."

பார்த்துக்கிறேன்னு சொன்னேன். சொன்ன வாக்கைக் காப்பாத்துனேன்த்தா. நீ மருந்துச் சீட்டைத் தூக்கிட்டுக் கீழ போனேல்ல, அப்ப நான்தான் தம்பி பக்கத்துல ஸ்டூல்ல உக்காந்திருந்தேன். ஈரத்துணியால முகத்தைத் துடைச்சு விட்டேன். கண்ணைத் திறந்தாரு. உதடு வெடிச்சுக் கிடக்கு. "அக்கா, கொஞ்சம் தண்ணி"ன்னாரு. மெதுவா, எனக்கு மட்டும் கேக்குற மாதிரி. அதே பார்வை, நாகஜோதி! வெள்ளையன் பார்த்த அதே பார்வை. என் கையில என் மகளுக்கு வச்ச கஞ்சி ஃபிளாஸ்க்ல சுடச்சுட இருக்கு. கைராசி இல்லாத கை போட்ட ஒட்டு, சத்தாவது இருந்தாத்தானே தாங்கும்? நர்ஸு அந்தப் பக்கம் திரும்புன நேரம் பார்த்து மூடியில ஊத்தி, ஆத்தி, கொஞ்சங்கொஞ்சமா குடுத்தேன். நொய்க்கஞ்சிதான், வெள்ளை வெளேர்னு, பால் மாதிரி வடிச்சது. ரெண்டு மூடி குடிச்சாரு. என் கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டாருத்தா, எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சு...

ஏ, எங்க எந்திரிக்குற? என்னத்தா ஆச்சு? ஏ நாகஜோதி! கதவை ஏன் இப்படிப் போட்டு இடிக்கிற, கை உடைஞ்சுறப் போகுது! ஏய் வாட்ச்மேன், திறந்து விடுய்யா, புள்ளைக்கு என்னமோ ஆயிருச்சு. டாக்டரம்மாவை ஏன் கூப்பிடுற? ஐயோ, ஏன்த்தா இப்படிக் கத்துற, வார்டே பார்க்குது!

சொல்லிராதத்தா. உனக்குப் புண்ணியமாப் போகும், அந்தம்மாகிட்ட மட்டும் சொல்லிராத. பசிச்ச வாய்க்குக் குடுத்தது. வெளிய சொல்லக் கூடாது.